காப்புக் காலத்தில் துரை நாய்க்குச் சோறு

வீரம்மாவுக்குப் பயம் உடம்போடு ஒட்டிப் பிறந்தது என்று கூலிகளின் லைன் வீடுகளில் எல்லாரும் கேலி பேசுவார்கள். பேசுகிறவர்களுக்கு என்ன? துரையின் நாய்க்குச் சோறு வைக்கும் வேலை அவர்கள் தலையிலா விழுந்தது?

மலாயாவில் கோலா கங்சாருக்குத் தெற்கே இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில், 1925இல், அது இவள் தலையில் விழுந்தது. பங்களா வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தவளை ரோவர் என்ற அந்தச் சீமை நாய் முகர்ந்து பார்த்து வாலை ஆட்டித் தொலைத்தது. வேறு யாரைக் கண்டாலும் பல்லைக் காட்டும். பங்களாச் சமையல்காரச் சீனரை ஒருமுறை கடித்தே விட்டது. வீரம்மாவின் புருஷன் சன்னாசி வேலிப்பக்கம் நடந்து போனால் அவன் நிழலைப் பார்த்தே உறுமும். துரை இதையெல்லாம் பார்த்தார். நாய் அவள் பொறுப்பாயிற்று.

முந்தின வருஷம் துரையின் குதிரைக்குக் கால் ஒடிந்தபோது, குதிரைக்காரனைப் பெண்டாட்டி பிள்ளைகளோடு அன்று மாலையே தோட்டத்தைவிட்டு விரட்டினார்கள். கொட்டுகிற மழையில் அவர்கள் சட்டி பானையோடு நடந்து போனதை வீரம்மா பார்த்திருக்கிறாள். நாய்த்தட்டைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அந்த மழை அவள் கண்முன் வரும்.

முதலில் ரோவருக்குக் கப்பலில் வந்த டின் பிஸ்கட்டைத்தான் போட்டார்கள். ஈரத்தில் அது பூஞ்சை பிடித்திருந்தது. தின்ற நாய் வாந்தி எடுத்துச் சுருண்டு படுத்தது. வீரம்மா டின்னைக் குழியில் கொட்டினாள். சமையல்காரரிடம் கோழி ஈரலும் கழுத்தும் ஆட்டெலும்பும் வாங்கி, பச்சையாகவே வைத்தாள். கூடவே குழைந்த சோறும் வெந்த பூசணியும் வைத்தாள். உப்பு கிடையாது, மிளகாய் கிடையாது. கொஞ்ச நாளில் நாயின் உடம்பு எண்ணெய் தடவியதுபோல் மின்னியது. சிங்கப்பூருக்குப் புறப்பட்ட துரை அதைத் தட்டிக்கொடுத்து, திரும்பி வரும்போதும் இப்படியே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனார், ஆடி வந்தது. காய்ச்சலில் பிழைத்த சன்னாசி அம்மனுக்குத் தீமிதிப்பதாக வேண்டுதல். பூசாரி பிச்சைமுத்து அவன் கையில் மஞ்சள் காப்பைக் கட்டிவிட்டு வீரம்மாவைத் தனியாகக் கூப்பிட்டார்.

“இந்தா பாரு புள்ள, காப்புக் கட்டுன வீட்டுல கவுச்சியத் தொடக்கூடாது. ஒருத்தர் தொட்டாலும் குழியில எறங்குறவன் காலுதான் வேகும். சொல்லிட்டேன்லா.”

வேறு யாரையாவது சோறு வைக்கச் சொல்லலாம் என்றால் ரோவர் விடுமா? வீரம்மா மோர்ச்சோறும் பூசணியும் வைத்தாள். முதலில் தின்றது. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டது. பார்க்கப் பார்க்க இளைத்தது.

தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி விஸ்வலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். அவர் கண்ணிலும் அது பட்டது.

“என்ன வீரம்மா, நாயின்ர விலா எலும்பெல்லாம் தெரியுது? தீமிதி முடிஞ்ச அடுத்த நாள் துரை வாறார். இதைப் பாத்தாரெண்டால் உங்களை லைனில வைச்சிருப்பாரோ?”

“ஐயா, எங்க வீட்டுக்காரருக்குக் காப்புக் கட்டியிருக்கு…”

“காப்பெல்லாம் துரைக்கு விளங்காது.”

நாய் செத்தால் வீடு போகும். கவுச்சியைத் தொட்டால் புருஷன் கால் வேகும். அன்று முழுவதும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் சமையற்கட்டு வாசலில் நின்று, “ஹாத்தி ஆயாம் அடா கா?” என்று மலாயில் கோழி ஈரல் கேட்டாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

வாழையிலையில் வாங்கிக் கை படாமல்தான் தட்டில் தள்ளினாள். ஆனாலும் பட்டது. ஓடையில் முழுகி, மஞ்சளைத் தோல் எரியத் தேய்த்துக்கொண்டு, ஈரச் சேலையோடு வீட்டுக்குப் போனாள். சன்னாசிக்குச் சோறு போடும்போது அவன் கால்களைத்தான் பார்த்தாள். அவனிடம் மூச்சு விடவில்லை. நெருப்பில் இறங்குகிறவன் மனசில் சந்தேகத்தைப் போடலாமா?

ரோவர் தேறியது. அவள் வைத்த துளி ஈரலுக்கு இவ்வளவு சீக்கிரம் தேறுமா என்று அவளுக்கே ஆச்சரியம். ஒருநாள் நாய்க்கூண்டின் ஓரத்தைப் பெருக்கும்போது மீன் செதில்கள் பளபளத்தன. வேறு யாரோ வந்து போகிறார்கள். அப்படியென்றால் இவள் ஈரல் வைப்பதையும் பார்த்திருப்பார்கள். அதன்பிறகு பூசாரி இருமினால்கூடத் தன்னைப் பார்த்துத்தான் இருமுகிறார் என்று தோன்றியது.

தீமிதி அன்று சாயங்காலம் குழி நிறையத் தணல். சன்னாசி மஞ்சள் வேட்டியில் வேப்பிலையோடு முன்னால் நின்றான். பறைச் சத்தம் கேட்டு மிரண்ட ரோவர் சங்கிலியை அறுத்துக்கொண்டு கோயிலுக்கே ஓடிவந்தது. சனங்கள் அலறிச் சிதறினார்கள். வீரம்மா பின்னால் ஓடினாள்.

நாய் யாரையும் கடிக்கவில்லை. நேராகச் சன்னாசியிடம் போய், காப்புக் கட்டிய அவன் கையை நக்கி, வாலைக் குழைத்தது.

சன்னாசியின் முகம் செத்துப்போயிற்று. செதில் எங்கிருந்து வந்தது என்று வீரம்மாவுக்கு அந்த நொடியில் விளங்கியது. இறங்காதீங்க என்று கத்த வாயைத் திறந்தாள். கத்தினால் ஊருக்கே தெரிந்துவிடும். வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் அவளை ஒருமுறை பார்த்தான். பிறகு இறங்கிவிட்டான்.

அக்கரையில் பால்குழிக்குள் அவன் கால் வைத்ததும் அவள் மண்ணில் விழுந்து பாதங்களைத் தூக்கிப் பார்த்தாள். குதிகாலில் ஒரு சின்னக் கொப்புளம், அவ்வளவுதான். அழுகை பீறிக்கொண்டு வந்தது.

“மீனு போட்டது நீங்கதானா?” என்று கிசுகிசுத்தாள்.

“நாய் செத்தா நம்மள வெரட்டிருவானுங்களே. ஓடையில கெண்டை புடிச்சி வேலிக்கு இந்தாண்ட இருந்து போட்டேன். தணலப் பாத்ததும் ஈரக்கொலை நடுங்கிச்சு புள்ள. நான் தப்புப் பண்ணுனாலும் நீ சுத்தமா வெரதம் இருக்க, அது காப்பாத்தும்னுதான் எறங்குனேன்.”

வீரம்மா இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

மறுநாள் துரை வந்து நாயைத் தட்டிக்கொடுத்தார். வீடு தங்கியது. சன்னாசி கண்ணை மூடிய பிறகுதான் அவள் தானும் ஈரல் வைத்ததை என் அம்மாவிடம் சொன்னாள். அதுவரை ஒவ்வோர் ஆடியிலும் காப்புக் கட்டிக்கொண்டு அவள் முன்னால் வந்து நிற்பானாம், சிரித்துக்கொண்டே.

“நீ இருக்கும்போது எனக்கு என்ன பயம்?”