நாலாவது சக்கரம்

நீங்கள் கொல்லைக்கும் குளத்துக்கும் மாட்டிக்கொண்டு ஓடுகிற ரப்பர் செருப்பு, எங்கள் ஊருக்கு வந்த புதிதில் பெரிய சாமான். கூத்தாநல்லூர் பாய் ஒருவர் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து விற்பார். வெள்ளை அடி, நீல வார். அதற்கு முன் சித்திரை வெயிலிலும் எங்கள் தெருவில் எல்லோருக்கும் வெறுங்கால்தான்.

அப்பாவும் ஒரு ஜோடி வாங்கினார். வாங்கியவர் அதைக் காகிதத்தில் சுற்றிக் கூரையில் செருகிவிட்டார். பஸ் நிற்கும் இடத்துக்குப் பண்ணைக்காரர்களின் பெரிய தெரு வழியாகத்தான் போக வேண்டும். வயலில் கூலிக்குப் போகிற எங்கள் ஆட்கள் அங்கே செருப்போடு நடக்கக் கூடாது. ஆட்சி மாறியாச்சு, இனி அந்தப் பேச்சே இல்லை என்று மேடை போட்டுச் சொன்னார்கள். சொன்னது எங்கள் தெருவரை வந்தது. பெரிய தெருவுக்குள் நுழையவில்லை.

எனக்கு ஏழு வயது. இதெல்லாம் தெரியாது. எனக்குத் தெரிந்தது லாரி. பிய்ந்த செருப்பை வட்டமாக அறுத்தால் சக்கரம். நாலு சக்கரத்தைப் பவுடர் டப்பாவில் மாட்டினால் லாரி. மூன்று கிடைத்துவிட்டது. நாலாவதற்கு ஊரெல்லாம் அலைந்துவிட்டுக் கூரையைப் பார்த்தேன். வேண்டாததைத்தானே மேலே செருகுவார்கள்? இடது செருப்பின் குதிகாலில் பிளேடால் ஒரு வட்டம் போட்டேன். சுத்தமாக வந்தது.

மறுநாள் உச்சிவேளை பஸ்ஸில் நன்னிலம் தாலுகா ஆபீசுக்குப் போய்க் கூலி உயர்வு பேசச் சங்கத்து ஆட்கள் பத்துப் பேர் கிளம்பினார்கள். இன்று பெரிய தெருவில் ஒருவரும் செருப்பைக் கழற்றுவதில்லை என்று முடிவு. அப்பா காகிதத்தைப் பிரித்தார்.

அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். இன்னொரு நாள் போட்டுக்கொள்ளலாமே என்று அப்பாவிடம் சொல்லிப் பார்த்தாள். அப்பா அந்த ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார்.

“கால வச்சுட்டா ஓட்ட யாருக்குத் தெரியப் போவுது?”

சித்தப்பா என் லாரியிலிருந்து சக்கரத்தைப் பிடுங்கி ஓட்டையில் திணித்தார். “மூடி போட்டாச்சுண்ணே. கெளம்புங்க.”

சக்கரம் போகிறதே என்று நானும் பின்னாலேயே ஓடினேன்.

பெரிய தெருவில் தார் இளகிக் கிடந்தது. வாசலுக்கு வாசல் ஆட்கள் நின்றார்கள். பத்து ஜோடிச் செருப்பின் சத்தம் மட்டும்தான். பெரிய பண்ணையார் வீட்டுக்கு நேரே வந்தபோது சக்கரம் கழன்று உருண்டு, அவர் வாசற்படியில் முட்டிச் சாய்ந்தது. எல்லோரும் நின்றுவிட்டார்கள். திண்ணையிலிருந்த பண்ணையார் சக்கரத்தைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார்.

“ஏய், என்னமோ விழுந்துருச்சு பாரு. எடுத்துக்க.”

“பாத்தேங்க. கெடக்கட்டும்” என்றார் அப்பா.

மறுபடி நடந்தார். குதிகால் தாரில் பட்டும் ஓடவில்லை. கோயிலைச் சுற்றுகிறவர் மாதிரி மெதுவாக, தெருக்கோடி வரைக்கும். சித்தப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டு பின்னால் போனார்.

சாயங்காலம் திரும்பியபோது அப்பாவின் குதிகாலில் வட்டமாக ஒரு கொப்புளம். “அண்ணனுக்கு சர்க்கார் முத்திர குத்தி அனுப்பிட்டாங்க” என்றார் சித்தப்பா. கூடியிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எண்ணெய் தடவிக்கொண்டிருந்த அம்மாவும் சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. சக்கரம் நாலே எட்டில் கிடந்தது. பண்ணையாரே எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஒரு தரம் குனிந்தால் முடிகிற வேலை. அதைக்கூடச் செய்யவில்லையே என்று அப்பாவின் மேல் எனக்கு ரொம்ப நாள் கோபம்.