பலாமரத்தில் கட்டிய சாக்கு

என் கையெழுத்து கோழி கிளறிய மண் போல இருக்கும். எழுத்துப் பிழைகளும் வரும். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

போன வருடம் வைகாசி பாதியில் இடவப்பாதி மழை தொடங்கிய நேரம். பாறசாலைக்கு உள்ளே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எங்கள் ஊரில் ஒரு கழுதைப் பண்ணையில் நான் வேலை பார்க்கிறேன். வளைகுடாவிலிருந்து திரும்பிய ஒருவர் ரப்பர் மரங்களை முறித்துவிட்டு அந்த இடத்தில் தொடங்கிய பண்ணை அது. கழுதைப் பால், சோப்பு செய்ய வெளியூருக்குப் போகிறது. அதுவரை மாடுகளோடு கிடந்த என்னை அவர்தான் கூப்பிட்டு வேலை தந்தார். மனிதர்களிடம் பேசக் கூச்சப்படுகிற எனக்குக் கழுதைகளோடு ஒரு சங்கடமும் இல்லை.

மேல் கொட்டிலில் பால் கறக்கும் தாய்க் கழுதைகள், குட்டிகளோடு. கீழ்க் கொட்டிலில் மூன்று சினைக் கழுதைகள். மூன்று வாரத்துக்கு முன் லாரியில் வந்த இரண்டு புதுக் கழுதைகளை மட்டும் பின்னால் ஒரு பந்தலில் தனியாகக் கட்டியிருந்தோம். அதில் ஒன்றுக்கு மூக்கு ஒழுகியது. மழைச் சளி என்று விட்டுவிட்டோம். மற்றது சினை.

ஒரு நாள் விடிந்து போய்ப் பார்த்தால், அந்தச் சினைக் கழுதை குட்டியைப் போட்டிருந்தது. மாதம் ஆகவில்லை. குட்டிக்கு உயிரும் இல்லை. தாய் அதை முகர்ந்து முகர்ந்து பார்த்துக்கொண்டு நின்றது.

முதலாளிக்குப் போன் செய்துவிட்டு, நான் எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். எங்கள் பக்கம் மாடு கன்று போட்டால் நஞ்சுக்கொடியைச் சாக்கில் பொதிந்து பாலுள்ள மரத்தில் கட்டுவது வழக்கம். அப்படிச் செய்தால் தாய்க்குப் பால் வற்றாது என்பார்கள். எத்தனையோ மாடுகளுக்குக் கட்டியிருக்கிறேன். குட்டிதான் போய்விட்டது, பாலாவது நிற்கட்டும் என்று இதன் நஞ்சுக்கொடியையும் சாக்கில் வைத்து, கீழ்க் கொட்டில் பக்கத்துப் பலாமரத்தில் கட்டினேன்.

முதலாளியோடு மிருக டாக்டரும் வந்தார். சின்ன வயதுப் பெண். குட்டியிலிருந்தும், இரண்டு புதுக் கழுதைகளின் மூக்கிலிருந்தும் பரிசோதனைக்கு மாதிரி எடுத்தார். ஹெர்பிஸ் என்று ஒரு வைரஸாக இருக்கலாம், குதிரை, கழுதைகளுக்கு வருவது, மனிதர்களுக்குத் தொற்றாது என்றார். சினையைக் கலைத்துவிடுமாம். பால்குடிக் குட்டிகளுக்குத் தொற்றினால் பிழைப்பது கஷ்டமாம்.

"நஞ்சுக்கொடியிலயாக்கும் கூடுதல் கிருமி. அதைக் குழிச்சு மூடியாச்சா, சேட்டா?"

நான் வாயைத் திறப்பதற்குள் முதலாளி சொன்னார்: "அதெல்லாம் காலைல வெளுப்புக்கே மூடியிருப்பான், டாக்டரே. இவன் நல்ல வேலைக்காரனாக்கும்."

நான் தலையை ஆட்டினேன்.

"அப்போ கீழ்க் கொட்டில்ல நிக்கிற மூணு சினையும் இதில ஒண்ணும் தொடலை. மழை வெள்ளம் பந்தல்லருந்து அங்கோட்டு ஓடுது. நாளைக்குக் காலைல மூணையும் மேல் கொட்டில்ல மாத்திக் கட்டுங்க."

அவர்கள் போன பிறகு ஓடிப்போய்ப் பார்த்தேன். காக்கை சாக்கைக் கிழித்திருந்தது. கீழே இருந்த தண்ணீர்த் தொட்டியில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. மூன்று சினைக் கழுதைகளும் மழைக்கு அந்த மரத்தடியில்தான் ஒதுங்கி நின்றன. ஒன்று தொட்டியில் வாய் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தது.

சாக்கை இறக்கி, ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டு மூடினேன். தொட்டியைக் கவிழ்த்துக் கழுவினேன். கையைக் கழுவினேன். வீட்டுக்குப் போய்க் குளித்தேன். பிறகும் ஒரு தடவை குளித்தேன். மனைவி மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வைத்தாள். பாதியில் எழுந்து முற்றத்துக்குப் போனேன், திரும்பி வந்தேன், மறுபடியும் போனேன்.

"ஒரு இடத்துல இருக்கப்படாதா? எறும்பு கடிக்குதா?" என்றாள். அவளிடமும் சொல்லவில்லை.

காலையில் முதலாளி நெய்யாற்றின்கரைக்குப் புறப்பட்டார். "மூணையும் மேல கெட்டிரு, கேட்டியா?" அதற்கும் தலையை ஆட்டினேன்.

முதல் கழுதையை அவிழ்த்து மேலே நடத்தினேன். பாதி வழி போயிருப்பேன். மேல் கொட்டிலில் இருந்த ஒரு குட்டி, பிறந்து ஒரு மாதம்கூட ஆகாதது, எங்களைக் கண்டதும் ஓடிவந்து கம்பிவழியாக மூக்கை நீட்டியது. சினைக் கழுதையும் கழுத்தை நீட்டியது. நான் கயிற்றை இழுத்த இழுப்பில் அது தடுமாறியது. திருப்பிக் கொண்டுபோய்க் கீழேயே கட்டிவிட்டு, பிள்ளைகள் நெரிந்துகொண்டிருந்த தனுவச்சபுரம் பஸ்ஸில் தொற்றி, மிருக ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

வரிசையில் எல்லோரிடமும் ஆடோ கோழியோ இருந்தது. ஆட்டோடு நின்ற ஒரு கிழவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "மக்கா, வெறுங்கையா வந்திருக்கே. சீக்கு உனக்காக்கும்?" எல்லோரும் சிரித்தார்கள். இரண்டு தடவை வாசல்வரை போய்த் திரும்பினேன்.

என் முறை வந்தபோது, "மூடலை. மரத்துல கெட்டினேன். மூணும் அடியில நின்னுது" என்று மட்டும் சொன்னேன். டாக்டர் முதலில் விளங்காமல் பார்த்தார். விளங்கியதும் திட்டவில்லை. "மேல மாத்தியாச்சா?" என்றார். இல்லை என்றேன். "தெய்வமே!" என்று மூச்சு விட்டு, தன் ஸ்கூட்டரை எடுத்தார். அவர் பின்னால், அவர் மேல் பட்டுவிடாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஊர்வரை வந்தேன்.

விஷயம் தெரிந்து முதலாளியும் வந்துவிட்டார். "எலே, நான் மூடியாச்சுன்னு சொல்லும்போ நீ இல்லைன்னு ஒரு வாக்கு சொல்லப்படாதாலே?"

டாக்டர்தான் திரும்பினார். "கேட்டது அவர்கிட்ட. பதில் சொன்னது நீங்களாக்கும்."

அந்த மூன்றுக்கும் தனி வாளி, தனிக் கயிறு என்று ஆனது. நான் மட்டும் அவற்றைப் பார்க்க வேண்டும், மேல் கொட்டில் பக்கம் போகக் கூடாது என்றார் டாக்டர். பரிசோதனை முடிவு வந்தபோது, அது அந்த ஹெர்பிஸ்தான்.

மூன்றில் ஒன்று, தொட்டியில் தண்ணீர் குடித்ததே அது, சில வாரங்களில் குட்டியை இழந்தது. நான்தான் குழி வெட்டினேன். மற்ற இரண்டும் நல்லபடியாக ஈன்றன. மேலே இருந்த குட்டிகளில் ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. மழை வெள்ளத்திலும் வந்திருக்கலாம், உங்களால்தான் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னார். நல்ல மனசு. நீ சொன்னதால்தானே குட்டிகள் பிழைத்தன என்று முதலாளியும் இப்போது சொல்கிறார். இருந்தாலும் கீழ்க் கொட்டிலில் குட்டி இல்லாமல் நிற்கும் அந்தக் கழுதைக்கு நான் தீனி வைக்கும்போது, அது என் கையை முகர்ந்துவிட்டுத்தான் சாப்பிடுகிறது. அந்த நேரம் அதன் முகத்தைப் பார்க்க இன்னும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

ஆவணி மாதம் ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.