சுவரிலிருந்து இறங்கிய மீன்

வியாசர்பாடி ராஜாத்தி, திருவொற்றியூருக்குத் தையல் வேலைக்குப் போகும் பேருந்திலிருந்து ஒருநாள் சாலையோரச் சுவர் ஓவியம் ஒன்றைப் பார்த்தாள். அதில் ஒரு மீன் சிறகு விரித்துப் பறந்துகொண்டிருந்தது! பள்ளி மாறுவேடப் போட்டிக்கு மகள் மகிழினிக்கு அந்த மீன் வேடத்தையே தைக்கத் தொடங்கினாள்.

சிறகு தைப்பதற்குள் 2001 தேர்தல் வந்தது. கட்சிக்காரர்கள் விளம்பரம் எழுத அந்தச் சுவரைப் பிடித்து வெள்ளையடித்துவிட்டார்கள்.

“மீனு போச்சாம்மா?” மகிழினி விம்மினாள்.

“என் கண்ணுல பத்திரமா கீதுடி, அழாத!”

கிழிந்த வலையிலும் தார்ப்பாயிலும் நினைவிலிருந்தே சிறகு முளைத்தது.

போட்டியன்று மேடையில் மகிழினி அதை விரித்தாள். தன் பிள்ளையைப் பார்க்க வந்திருந்த பெயிண்டர் பீம்ராவ் துள்ளி எழுந்தார். சுவரில் அதை வரைந்தவரே அவர்தான்!

“ஐயோ, என் மீனு நடந்துகினு வருதே!”

ராஜாத்தி பதறி ஓடிவந்தாள். “சிறகு சரியா கீதாண்ணே?”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நான் வரைஞ்சதவிட ஷோக்கா கீது, தங்கச்சி.”