ராஜாவை இறக்கிய ஞானப்பிரகாசம்

சென்ற வாரம் என் மகள் வெளிநாட்டிலிருந்து ஒரு போஸ்ட்கார்டு அனுப்பியிருந்தாள். நகரச் சதுக்கத்தில் வெண்கலக் குதிரை மேல் ஒரு ராஜா. ‘அழகா இருக்குல்லப்பா?’ என்று பின்னால் எழுதியிருந்தாள்.

அழகாகத்தான் இருந்தது. என்னால்தான் பார்க்க முடியவில்லை...

ஜப்பான்காரன் காலத்தில் நான் மலாயாவில், கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்துக் கிராணி – கணக்கெழுதும் குமாஸ்தா. பக்கத்து டவுன் சதுக்கத்திலும் அப்படி ஒருவர் இருந்தார் – வெள்ளைக்கார ராஜா, வெண்கலக் குதிரை. அதை இறக்கி உருக்க அனுப்ப வேண்டும் என்று உத்தரவு. ஜப்பானிய அதிகாரி எங்கள் ஆபீசுக்கு வந்து மேஜையைத் தட்டினான்.

“சியாப்பா போலே?”

யாரால் முடியும் என்கிறான்.

அன்று காலையில்தான் இன்னொரு கிராணி அவனிடம் அறை வாங்கியிருந்தார். எனக்குப் பயம். கூடவே அவனிடம் நல்ல பெயர் வாங்கும் ஆசையும் – ஏன் மறைக்க வேண்டும்? முந்திக்கொண்டு மலாயில் சொன்னேன். “எங்கள் ஃபிட்டர் ஞானப்பிரகாசம். அவனைப் போல ஆள் கிடையாது.”

ஞானம் என் நண்பன். மூன்றே நாளில் முடித்தான். குளம்புகளுக்கு அடியிலிருந்த போல்ட்டுகளைக் கழற்றி, சங்கிலி கட்டி, ஒரு கீறல் இல்லாமல் லாரியில் ஏற்றினான்.

“உருக்கத்தானடா போறான்? எதுக்கு இவ்வளவு பதமா?” என்றேன்.

“செஞ்சவன் பாத்துப் பாத்துச் செஞ்சிருக்கான்ணே. போட்டு ஒடைக்க மனசு வரல லா.”

அதிகாரிக்கு ஒரே சந்தோஷம். நோட்டில் ஞானத்தின் பெயரை எழுதிக்கொண்டான். அடுத்த வாரமே ஆள் வந்தது. சயாம் ரயில் பாதை வேலைக்கு நல்ல ஃபிட்டர் வேண்டுமாம்!

“மூணு மாசந்தானாம்ணே. வீட்டப் பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டுப் போனான்.

போரும் முடிந்தது. ரயில் பாதைக்குப் போனவர்களில் சிலர் திரும்பினார்கள். காலராவில் ஞானத்தைப் புதைத்துவிட்டு வந்ததாக ஒருவர் சொன்னார்.

அவன் மனைவி ரோசம்மா என்னிடம் ஒன்றுதான் கேட்டாள். “அவரு பேர யாருண்ணே குடுத்தது?”

“தெரியலம்மா.”

ஒரே வார்த்தை. சொல்ல ஒரு நொடி ஆகவில்லை. திரும்ப எடுக்க... இத்தனை வருஷம் போதவில்லை. தன் மகன் கல்யாணத்தில் என்னைத் தகப்பன் இடத்தில் நிற்க வைத்தாள். நானும் நின்றேன்!

கோழைத்தனம் என்றால் ஓடி ஒளிவது என்று நினைக்கிறோம். நாற்காலியில் உட்கார்ந்தபடி இன்னொருவனைப் புகழ்ந்தும் அதைச் செய்யலாம்.

ரோசம்மா இப்போது பெண்டாங் ஊரில் மகனோடு இருக்கிறாள். கண் சரியில்லை. வாராவாரம் பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியை அவன்தான் வாசித்துக் காட்டுகிறானாம்.

ரோசம்மா, பேரைக் குடுத்தது நான்தாம்மா.