பாயிண்ட் இல்லாத வண்டி

எங்கள் வீட்டுக் கார் குளச்சலுக்குப் போகும்போது ஒருநாளும் மக்கர் செய்ததில்லை. அங்கிருந்து திரும்பும்போதுதான் அதற்கு நோக்காடு வரும். குளச்சல் உம்மாவின் ஊர். அங்கே கடற்காற்றில் உப்பு அதிகம், அதுதான் பாயிண்டைத் தின்றுவிடுகிறது என்பார் வாப்பா. எங்கள் தேங்காய்ப்பட்டணத்திலும் அதே கடல், அதே உப்பு என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. வகுப்பில் முதலாவதாக வருகிறவள் என்ற பெயர் மட்டும் இருந்தது.

பழைய பெட்ரோல் வண்டி அது. எஞ்சினோடு ஒட்டிய ஒரு மூடிக்குள் இரண்டு சிறிய உலோகப் பொட்டுகள் தொட்டுத் தொட்டு விலகும். அப்படி விலகினால்தான் பிளக்கில் தீப்பொறி வரும். அதுதான் பாயிண்ட். பொட்டில் கரி பிடித்தால் வண்டி இருமும், பிறகு பிடிக்காது. உப்புத்தாளை மடித்து இடையில் விட்டுத் தேய்த்தால் சரியாகும். வாப்பாவின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு துண்டு உப்புத்தாள் கிடக்கும்.

காரும் வீடும் வாப்பாவின் அண்ணன், சவுதியில் இருந்த பெரிய வாப்பாவுடையவை. வாப்பா அந்தக் காரை ஓட்டினார். உம்மா அந்த வீட்டை ஓட்டினாள். விடியற்காலைச் சுபுஹுத் தொழுகைக்கு முன்னால் எழுந்தால், கடைசி ஆள் தின்ற பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்க்கும்வரை அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பெரியும்மாவுக்கு மூட்டுவலி, வேலை சொல்ல மட்டும்தான் முடியும். வீட்டுக்கு வாழ வந்த பெண்கள் தாய்வீட்டுக்குக் காலையில் போனால் பொழுது சாயும் மஃரிப் பாங்குக்கு முன் திரும்பிவிட வேண்டும் என்பது அங்கே வழக்கம். தங்கிவிட்டால் காலை ஆப்பத்துக்கு மாவு கலக்க யார் இருக்கிறார்கள் என்பதே காரணம். அதை யாரும் வாயால் சொன்னதில்லை.

குளச்சலில் மாமா வீட்டில் மத்தியானச் சோறு முடிந்ததும் உம்மா பாயில் சாய்ந்துவிடுவாள். மாமி கதவைச் சாத்திவிட்டுப் பிள்ளைகளை முற்றத்துக்கு விரட்டுவாள். உம்மாவுக்கு அந்த வீட்டில் பொழுதுபோகவில்லை, அதனால்தான் இப்படித் தூங்குகிறாள் என்று நினைத்திருந்தேன். இப்போது நாகர்கோவிலில் வேலை முடிந்து மாலை பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தால், இறங்கும்வரை யாரும் என்னிடம் பேசாமலிருந்தால் போதும் என்றிருக்கிறது.

மாலை அஸர் தொழுகை முடிந்து கிளம்பும் நேரத்தில் வாப்பா முதலில் தனியாகப் போய், பானெட்டைத் திறந்து மூடிவிட்டுச் சாவியைத் திருகிப் பார்ப்பார். எஞ்சின் சுற்றும், பிடிக்காது. மூடியைக் கழற்றிக் குனிந்து பார்த்துவிட்டு, பாயிண்ட் போய்விட்டது, காலையில் நாகர்கோவிலில் கடை திறந்தால்தான் உண்டு என்பார். மாமா வீட்டுப் போனிலிருந்து பெரியும்மாவுக்குத் தகவல் போகும். உம்மா மறுபடி போய்ப் படுத்துக்கொள்வாள். மறுநாள் வெயில் ஏறிய பிறகே எழுவாள். வாப்பா கடைக்குப் போனதாக எனக்கு நினைவே இல்லை. உப்புத்தாளால் இரண்டு தேய்ப்பு, வண்டி கிளம்பிவிடும்.

இதெல்லாம் பெரிய வாப்பாவின் காதுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவர் நல்ல மனிதர். தம்பி குடும்பத்தோடு இப்படி மாட்டிக்கொள்கிறானே என்று அவருக்கு அங்கே இருந்தும் உறுத்தியிருக்கிறது. அந்த முறை விடுமுறைக்கு வந்தபோது பெட்டியிலிருந்து ஒரு சின்ன அட்டைப்பெட்டியை எடுத்து வாப்பாவிடம் கொடுத்தார்.

“பொம்பளையும் பிள்ளையளும் வண்டி கெட்டு அடுத்த ஊர்ல ராத்தங்கப்பிடாது, கேட்டியா,” என்றார்.

பாயிண்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பொருத்துகிற எலக்ட்ரானிக் சாமான் அது. தொட்டு விலக எதுவும் இல்லை, எனவே தேய்மானமும் இல்லை. புதுக்கடையில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு வண்டியைக் கொண்டு போனோம். பெட்டிக்குள் இருந்த தாள் முழுக்க ஆங்கிலம். பெரிய வாப்பாவே சவுதியில் ஆங்கிலத்தில் கையெழுத்துப் போடுவதோடு நிறுத்திக்கொண்டவர். எங்கள் வீட்டில் அதை வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். மெக்கானிக் ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். வரி வரியாக வாசித்துத் தமிழில் சொன்னேன்.

வாப்பா என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

“மக்கா, பழைய வண்டிக்கு ஆகாதுன்னு அதுல எங்கயாவது போட்டிருக்கா?”

அப்படி ஒரு வரி இருக்கவே செய்தது. பேட்டரியின் மைனஸ் ஒயர் பாடியோடு சேர்ந்திருந்தால் மட்டும் பொருத்தலாம், இல்லையென்றால் கூடாது. மெக்கானிக் எட்டிப் பார்த்தார். மைனஸ்தான் சேர்ந்திருந்தது.

“ஆகும் வாப்பா.”

“நல்லா பாத்தியா?”

மறுபடியும் வாசித்தேன். மறுபடியும் ஆகும் என்றுதான் இருந்தது.

“என்ன காக்கா, பிள்ள பெயிலானா நல்லாருக்கும்னு நிக்கிற மாதிரி நிக்கிறீங்க,” என்றார் மெக்கானிக். வாப்பா சிரித்துவிட்டு ரோட்டைப் பார்த்தார்.

இரண்டு ஒயர்தான். சிவப்பும் கறுப்பும் மாறாமல் நான் சொல்லச் சொல்ல அவர் மாட்டினார். பழைய பாயிண்ட் டப்பாவுக்குள் போனது. இனி இந்த மூடிக்குள் கையே போட வேண்டாம் என்றார் மெக்கானிக். எங்கள் வீட்டுப் பிள்ளை படித்துச் சொல்லி மாட்டிய சாமான் என்று பெரிய வாப்பா பள்ளிவாசல் வரைக்கும் சொல்லிக்கொண்டு போனார்.

உம்மா அடுக்களை வாசலில் சாளை மீனைச் செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள். கார் இனி எங்கேயும் நிற்காது என்று அவளிடம் சொன்னேன்.

“ஒருக்காலும் நிக்காதா?”

“ஒருக்காலும் நிக்காது உம்மா.”

“நல்லது மக்கா,” என்று சொல்லி அடுத்த மீனை எடுத்தாள்.

அதற்குப் பிறகு குளச்சலுக்குப் போன முதல் நாள், மாமி வழக்கம்போல் எங்களுக்கும் சேர்த்து இரவுச் சோற்றுக்கு அரிசி களைந்து வைத்திருந்தாள். அஸர் முடிந்தது. வாப்பா சாவியைத் திருகினார். எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டு, இருமாமல் சீராக ஓடியது. உம்மா தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு ஏறி உட்கார்ந்தாள். ஊர் எல்லை தாண்டுவதற்குள் தூங்கிவிட்டாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. தலை கண்ணாடியில் இடித்து இடித்துத் திரும்பியது.

இனயம் தாண்டியதும் ஒரு தென்னந்தோப்பு ஓரமாக வாப்பா வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தார். வெயில் இன்னும் இறங்கவில்லை. ஏன் என்று கேட்டேன்.

“சூடாயிட்டு மக்கா. கொஞ்சம் ஆறட்டும்,” என்றார், மிகவும் தாழ்ந்த குரலில்.

இறங்கிப் போய் பானெட்டில் கை வைத்துப் பார்த்தேன். எப்போதும் இருக்கிற சூடுதான். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் சூடு காட்டும் முள்ளையும் பார்த்தேன். அதை வாசிக்கவும் எனக்குத் தெரியும். ஜன்னல் வழியாகத் தலையை உள்ளே விட்டு, வகுப்பில் பதில் சொல்கிற குரலில் சொன்னேன்.

“சூடே இல்ல வாப்பா. முள்ளு பாதிக்குக் கீழதான் நிக்குது. நல்லா ஓடுற வண்டிய எதுக்கு நிறுத்தணும்?”

உம்மா திடுக்கிட்டு எழுந்தாள். வீடு வந்துவிட்டதா என்று கேட்டாள்.

“இல்ல. பைய போலாம்,” என்றார் வாப்பா. சாவியைத் திருகினார்.

நான் சொன்னதுதான் சரி என்ற சந்தோஷத்தில், வீடு வரும்வரை உம்மாவிடம் பேசிக்கொண்டே வந்தேன்.