பிரேக் மாஸ்டர் வாயை மூடிய நாள்

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்து இருக்கையின் காலடியில், அவருக்கென்று தனியாக ஒரு பிரேக் இருக்கும். பழகுகிறவர் தப்புப் பண்ணப் போகிறார் என்று தெரிந்தால் ஒரே மிதி. இருபது வருஷமாக நம் ஆளுக்கு இதுதான் பிழைப்பு. அதனால் எல்லோருக்கும் அவர் பிரேக் மாஸ்டர். நல்ல மனுஷன்தான். ஆனால் கண்ணெதிரே யாராவது தப்புப் பண்ணினால் அவருக்குப் பொறுக்காது. ஓட்டலில் பக்கத்து மேசைக்காரர் காப்பியில் இரண்டாம் முறை சர்க்கரை போடப் போனால், எழுந்து போய்க் கையைப் பிடித்துவிடுவார்.

இப்பேர்ப்பட்ட மனுஷன் மனைவியோடு சேர்ந்து அஞ்சல் வழியில் உளவியல் இளங்கலை படிக்கக் கிளம்பினாரே, அங்கேதான் வந்தது வினை. பாடங்களையெல்லாம் கரைத்துக் குடித்தார். மனைவி முதல் வீச்சிலேயே பட்டத்தைத் தட்டிக்கொண்டு வந்து, சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டார். இவருக்கோ குழந்தை வளர்ச்சிச் செய்முறைத் தேர்வு ஒன்று மட்டும் தொண்டையில் முள்ளாக நின்றது.

தேர்வு என்னவோ சுலபம்தான். நாலு வயதுக் குழந்தையின் முன்னால், ஒரே மாதிரி இரண்டு தம்ளரில் ஒரே அளவு ஆரஞ்சுச் சாறு. ஒன்றிலிருப்பதை ஒல்லியான உயரத் தம்ளருக்கு மாற்றிவிட்டு, "எதுல நிறைய இருக்கு?" என்று கேட்க வேண்டும். அந்த வயதுக் குழந்தை பெரும்பாலும் உயரமானதைத்தான் காட்டும். கேட்டவர் ஜாடைமாடையாகக்கூட எதையும் காட்டிக்கொடுக்காமல், குழந்தை சொன்னதை அப்படியே குறித்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் வேலை.

முதல் தடவை, குழந்தையின் விரல் உயரத் தம்ளர் பக்கம் போனதும் இவர் "க்கும்" என்று இருமினார். விரல் பின்வாங்கிவிட்டது. இரண்டாம் தடவை, "நல்லா பாத்து சொல்லு கண்ணு" என்றே சொல்லித் தொலைத்தார். தேர்வாளர் அம்மா பேனாவை மூடிவிட்டு, "சார், பரீட்சை உங்களுக்கா, குழந்தைக்கா?" என்று கேட்டார். மூன்றாவதுதான் கடைசி வாய்ப்பு. அதிலும் கோட்டை விட்டால் பட்டம் கிடையாது.

"ஏங்க, கேள்வியக் கேட்டதும் ஒரு வாய் தண்ணிய ஊத்திக்கிட்டு முழுங்காம உக்காருங்க," என்றார் மனைவி. "பட்டம் வாங்கினவ சொல்றேன்." அந்தக் கடைசி வார்த்தை அவருக்குச் சுருக்கென்று தைத்தது. இருந்தாலும் யோசனை நல்ல யோசனை.

இந்த முறை தம்பி மகளை அழைத்துப் போனார். வயசு நாலு, வாய் மட்டும் நாற்பது. சாற்றை மாற்றினார், கேள்வியைக் கேட்டார், தண்ணீரை வாயில் நிரப்பிக்கொண்டார்.

"இதுலதான் நிறைய," என்று உயரத் தம்ளரைத் தட்டினாள் குழந்தை.

மேசைக்கு அடியில் அவர் கால் தரையை ஓங்கி மிதித்தது. நல்ல வேளை, செருப்பைக் கழற்றியிருந்தார். முகம் சிவந்தது, முழி பிதுங்கியது. வாயை மட்டும் திறக்காமல், குழந்தை சொன்னதை அப்படியே குறித்துக்கொண்டார்.

"சரியா சொன்னேனா பெரியப்பா?"

பதில் இல்லை.

"தப்பா?"

அதற்கும் இல்லை. அவருடைய உப்பிய கன்னத்தைப் பார்க்கப் பார்க்கக் குழந்தைக்கு உதடு நடுங்கியது. "பெரியப்பா என்னோட டூ விட்டுட்டாரு" என்று ஓவென அழ ஆரம்பித்துவிட்டாள்.

பட்டமாவது மண்ணாங்கட்டியாவது! மனுஷன் துடித்துப்போனார். தண்ணீரை மடக்கென்று விழுங்கினார். "இல்லடி தங்கம். நீ சொன்னதுதான் சரி. அதுலதான் நிறைய இருக்கு. பெரியப்பா சொல்றேன்ல?" சொல்லி முடித்த பிறகுதான் எதிரே தேர்வாளர் இருப்பது ஞாபகம் வந்தது. எல்லாம் போச்சு என்று எழுந்தார்.

"உக்காருங்க சார்," என்றார் அந்த அம்மா. "குழந்தை சொன்னத நீங்க குறிச்சதுமே பரீட்சை முடிஞ்சிடுச்சு. அதுக்கப்புறம் அழுற பிள்ளைய சமாதானப்படுத்தினதுக்கு மார்க் குறைக்க எனக்கு மனசு வரல. பாஸ்."

பட்டம் வந்ததும் மனைவியின் பட்டத்துக்குப் பக்கத்திலேயே ஆணி அடித்து மாட்டினார். பெருமை பிடிபடவில்லை. தம்பி குடும்பத்தோடு பார்க்க வந்தான். எல்லோருக்கும் சாறு வந்தது. தன்னுடையதை உயரத் தம்ளரில் மாற்றித்தான் ஆக வேண்டும், அப்போதுதான் நிறைய ஆகும் என்று குழந்தை ஒற்றைக்காலில் நின்றாள்.

"எதுல ஊத்தினாலும் அதே அளவுதான்டி," என்றான் தம்பி.

"உனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. பெரியப்பா பெரிய படிப்பு படிச்சவரு. அவரே சொன்னாரு."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அப்படியா சொன்னே அண்ணா?" என்றான் தம்பி. குழந்தை கண் கொட்டாமல் பெரியப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பட்டதாரி ஒருமுறை சுவரைப் பார்த்தார். ஒருமுறை குழந்தையைப் பார்த்தார்.

"ஆமாடா. அதுலதான் நிறைய," என்றார்.