வீடியோவில் தெரியாத பக்கம்

மாட்டின் வயிற்றில் கை வைத்துப் பார்க்க வேண்டியதை மாட்டுக்காரர் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் என் தொழில்: போனில் கால்நடை மருத்துவம். கணவருக்குச் சுரங்கத்தில் பர்மனன்ட் வேலை என்பதால் நெய்வேலி குவார்ட்டர்ஸின் முன்னறையே எனக்குக் கிளினிக். போனில் முகம் காட்டிப் பிழைக்கிற யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை, எதிர்முனையில் இருப்பவர் நம்மை நம்புவதே இல்லை. நாமும் அவரை லேசில் நம்பக் கூடாது என்று எங்களுக்கு விதிமுறையே இருக்கிறது.

நம்பர் சொல்லுங்க

பேச்சைத் தொடங்கும்போதே என் பெயரையும் பதிவு எண்ணையும் சொல்லிவிட வேண்டும். கூப்பிடுபவர் யார், விலங்கு யாருடையது என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். ஒருநாள் பக்கத்து பிளாக்கிலிருந்து ஓய்வுபெற்ற ஃபோர்மேன் ஒருவர் கூப்பிட்டார். அவர் நாய் காலையிலிருந்து வாந்தி எடுக்கிறதாம். நான் எண்ணைச் சொன்னதும், "ஒரு நிமிஷம்" என்று போனை வைத்துவிட்டார்.

ஒரு மணி நேரம் கழித்துத்தான் மறுபடி வந்தார். அதற்குள் என் எண்ணை நெட்டில் தேடி, தெரிந்த மருந்துக்கடைக்காரரிடமும் விசாரித்து முடித்திருந்தார். நாய் அவருக்காகக் காத்திருக்காமல் வாந்தியை நிறுத்திவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. அவருக்குத்தான் இன்னும் தெளியவில்லை. "நம்பர் கரெக்ட்தாம்மா. ஆனா அந்த நம்பர் உங்களுதுதான்னு நான் எப்படி நம்பறது?"

தூக்க மருந்து

நாய்க்குத் தூக்கமே இல்லை, மாத்திரை எழுதிக் கொடுங்கள் என்று ஒருவர் கேட்டார். மயக்கம் தரும் மருந்துகளில் சில வகைகளைப் போனில் எழுதச் சட்டத்தில் இடமில்லை. அதனால் அந்தப் பேச்சு வந்தாலே எனக்குக் காது விடைத்துக்கொள்ளும். நாயைக் காட்டுங்கள் என்றேன். வெளியே போயிருக்கிறது என்றார். பெயர் கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "மணி" என்றார். வயது கேட்டதற்கு, "பார்த்தா மூணு இருக்கும்" என்றார்.

சொந்த நாயின் வயதைப் பார்த்துச் சொல்கிற ஆளை அதுவரை நான் கண்டதில்லை. அப்போது போனில், அவர் வீட்டு மதில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு நாய் விடாமல் குரைத்தது. "அது யார் வீட்டு நாய்?" என்றேன். மனிதர் உடைந்துபோனார். நைட் ஷிஃப்ட் முடித்து வந்து பகலில் படுப்பவராம். ஒரு மாதமாக அடுத்த வீட்டு நாய் அவரைக் கண்மூட விடவில்லையாம். பரிதாபமாகத்தான் இருந்தது. அடுத்தவர் நாய்க்குத் திருட்டுத்தனமாக மருந்து வைப்பது குற்றம் என்றேன். "தூக்கம் வராதது எனக்குத்தாங்க. ஆனா மருந்த அது சாப்பிட்டாதான் நான் தூங்க முடியும்."

இந்தப் பக்கம் திருப்புங்க

குள்ளஞ்சாவடியிலிருந்து ஒரு மாட்டுத் தரகர் வீடியோவில் வந்தார். மாடு நல்ல ஆரோக்கியம் என்று ஒரு சர்டிபிகேட் வேண்டும். நேரில் தொட்டுப் பார்க்காமல் அதைத் தர முடியாது என்றேன். "அப்ப வாயால சொல்லுங்க போதும், வாங்கறவங்க பக்கத்துலதான் நின்னுகினு இருக்காங்க" என்றார். மாட்டின் இடப்பக்கத்தை மட்டும் அழகாகக் காட்டினார். வலப்பக்கம் என்றால் சிக்னல் போய்விடும். இடப்பக்கம் வந்தால் சிக்னலும் வந்துவிடும்.

வாங்க வந்த பெண் செல்வி. முந்திரிக் காட்டில் கூலிக்குப் போகிறவர். அவர் வாழ்க்கையில் வாங்கப்போகும் முதல் மாடு அது. போனை அவரிடம் கொடுக்கச் சொன்னேன். செல்வி போனோடு மாட்டைச் சுற்றி வந்தார். வலப்பக்கத்தில் மடியின் ஒரு காம்பு வீங்கிச் சிவந்திருந்தது. செல்வி லேசாகத் தொட்டதும் மாடு உதைத்தது. மடிநோயாக இருக்கலாம், நேரில் ஒரு டாக்டர் பார்க்காமல் வாங்காதீர்கள் என்றேன். செல்வி கையிலிருந்த புதுக் கயிற்றைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டார். தரகர்தான் பின்னாலிருந்து கத்தினார். "அந்தப் பக்கம் போயி யாரும்மா பால் கறக்கப் போறாங்க?"

தொண்டையில பலாக்கொட்ட

காடாம்புலியூர் சவரிமுத்து கூப்பிட்டது ஒரு மத்தியானம். "மாடு தீனி எடுக்கல, எச்சி ஊத்திக்கினே இருக்குது. பலாக்கொட்ட ஏதோ தொண்டையில மாட்டிக்கிச்சுங்க. எடுக்கறதுக்கு வழி சொல்லுங்க" என்றார். வீடியோவில் அவர் மனைவி ஆரோக்கியமேரி முழங்கைவரை மாட்டின் வாய்க்குள் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். மாடு ஒரு தடவை கத்தியது. கரகரவென்று உடைந்த குரல்.

"கையை எடுங்கம்மா, முதல்ல கையை எடுங்க!" என்று கத்தினேன். நாய் ஏதாவது கடித்ததா என்று கேட்டேன். இல்லவே இல்லை என்று சவரிமுத்து சத்தியம் செய்தார். நான் நம்பவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டதும், "போன மாசம் தோப்புல ஒரு நாய் தொரத்துச்சே, மறந்துட்டியா?" என்று ஆரோக்கியமேரியே சொன்னார். அவர் விரல்களில் முந்திரிக்கொட்டை உடைக்கும்போது அதன் பால் பட்டு வெந்த புண்கள் இருந்தன.

வெறிநோயாக இருக்கலாம், மாட்டின் எச்சில் புண்ணில் பட்டால் மனிதருக்கும் தொற்றும், ஆனால் போனில் உறுதி சொல்ல முடியாது என்றேன். சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் ஓடுகிற தண்ணீரில் கையைக் கழுவச் சொன்னேன். மாட்டுப் பக்கம் யாரும் போக வேண்டாம், உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். சவரிமுத்துவுக்குக் கோபம் தலைக்கேறியது. "மாட்டுக்கு வைத்தியம் கேட்டா மனுசனுக்கு ஊசி போடச் சொல்ற! நீ டாக்டரே கெடையாது, டுபாக்கூரு!" என்று போனை வைத்துவிட்டார். அவர் பகுதிக் கால்நடை மருந்தகத்துக்கு உடனே தகவல் சொன்னேன். அங்கிருந்த டாக்டர் நேரில் போய், இருவரையும் தன் வண்டியிலேயே ஆஸ்பத்திரியில் கொண்டுவிட்டார்.

மூன்றாம் நாள் மாடு செத்தது. பரிசோதனையில் வெறிநோய் என்றே வந்தது. தடுப்பூசியெல்லாம் முடிந்தபின் சவரிமுத்து கூப்பிட்டார். மேரி நன்றாக இருக்கிறார் என்றார். போனில் நாங்கள் மருத்துவம் பேசுவதைப் பதிவாக வைத்திருக்க வேண்டும் என்ற விதியை அந்த டாக்டர் சொல்லியிருக்கிறார் போல. "டாக்டரம்மா, அன்னிக்கு ஒங்கள டுபாக்கூருன்னு சொன்னது ரெக்கார்டுல இருந்தா, அத மட்டும் அழிச்சிடுங்க."

இத்தனைக்கும் பிறகு இந்தத் தொழிலில் ஆதாரம் கேட்காமல் நான் நம்புவது என் நோயாளிகளை மட்டும்தான், அதிலும் பூனைகள் சேர்த்தி இல்லை.